வளாகத் தோட்டத்தில் செடி வாடினால்: எங்கே பார்ப்பது, என்ன செய்வது

தோட்டக்கலைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் வாடிய செடி ஒன்றைக் காட்டினால், பெரும்பாலோர் முதலில் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம், சார்?" என்பதுதான். கல்லூரி வளாகங்களின் தோட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பூச்சியாலும் நோயாலும் செத்த செடிகள் அங்கே குறைவு. ஹோஸ் குழாயாலும், பிரிக்காத பாலித்தீன் பையாலும், கட்டடக் கழிவாலும், புல்வெட்டும் இயந்திரத்தாலும் செத்தவையே மிகுதி. அதனால் தெளிப்பானைக் கடைசியாக எடுங்கள். முதலில் கையில் இருக்க வேண்டியவை ஒரு களைக்கொத்து, ஒரு கூர்மையான கத்தி, ஒரு வெள்ளைத் தாள், ஒரு பூதக்கண்ணாடி.

செடிக்கு அருகே போகும் முன் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரே வரிசையில் இருக்கும் செம்பருத்தி, அரளி, குரோட்டன்ஸ் மூன்றும் சேர்ந்து கருகியிருந்தால் அது பெரும்பாலும் நோயாக இருக்காது. ஒரு பூசணமோ ஒரு பூச்சியோ தனக்குப் பிடித்த செடியைத்தான் தேடிப் போகும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சாய்ப்பது தண்ணீர், உப்பு, களைக்கொல்லி, சுண்ணாம்பு போன்றவை. பிறகு தோட்டக்காரரிடம் கேளுங்கள்: போன மாதம் இந்தப் பக்கம் யார் என்ன செய்தார்கள்? சுவருக்கு வெள்ளையடித்தார்களா, பள்ளம் தோண்டினார்களா, புது மோட்டார் போட்டார்களா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மண் ஈரமாக இருக்கிறது. செடி வாடித் தொங்குகிறது

மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வாடலைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மறுநாள் இன்னும் வாடுகிறது, இன்னும் ஊற்றுகிறார்கள். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் இடுக்குகளில் எல்லாம் நீர் நிறைந்துவிட்டால் சல்லிவேர்கள் மூச்சு முட்டிச் சாகும். வேர் செத்தபின் சுற்றிலும் குளமே இருந்தாலும் இலைக்கு ஒரு சொட்டும் ஏறாது. மேலே பார்த்தால் வறட்சி, கீழே பார்த்தால் வெள்ளம்.

களைக்கொத்தால் தூருக்கு ஒரு சாண் தள்ளி, நான்கு விரல் ஆழம் கிளறுங்கள். அந்த மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்து அழுத்துங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் மிகுதி. உருண்டையாக நின்று, தட்டினால் உதிர்ந்தால் சரியான பதம். உருண்டையே பிடிக்காவிட்டால் உண்மையிலேயே காய்ந்திருக்கிறது. பிறகு மண்ணை மூக்கருகே கொண்டுபோங்கள். நல்ல மண்ணில் முதல் மழை வாசம் வரும். அழுகிய வேர் இருக்கும் மண்ணில் சாக்கடை வாடை அடிக்கும். ஒரு சல்லிவேரை இரு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரின் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும்.

அப்படி இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். தூரைச் சுற்றி ஏற்றி வைத்த பாத்தியை ஒரு பக்கம் உடைத்து விடுங்கள். தொட்டியாக இருந்தால் கவிழ்த்து, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல தொட்டிகளில் துளையை மூடி வைத்த ஓட்டுச்சில்லு சேற்றில் புதைந்து அடைப்பானாகவே மாறியிருக்கும். கருகிய வேர்களை வெட்டி, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த புது மண்ணில் வைத்து ஒரு வாரம் நிழலில் விடுங்கள். வேர் போன அளவுக்கு மேலேயும் கிளையைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் மிஞ்சிய வேரால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது.

தரையில் உள்ள பாத்தி என்றால் அருகே ஒரு அடி ஆழக் குழி வெட்டி நீர் நிரப்பி வையுங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அந்த இடத்தின் வடிகால்தான் கோளாறு. அங்கே எந்தச் செடியை மாற்றி வைத்தாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுவும் போய்விடும். மேட்டுப்பாத்தி எடுங்கள்.

நண்பகலில் மட்டும் வாடி, மாலையில் தானே நிமிர்ந்துவிடும் செடிக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. சித்திரை வெயிலில் பெரிய இலைச் செடிகள் எல்லாம் அப்படித்தான். காலையிலும் வாடியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் அந்தக் குறிப்பால் பயனில்லை. எந்த இலை என்று எழுதுங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலையா, நுனியில் உள்ள கொழுந்தா?

தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, செடி இடம் மாற்றிக்கொள்ளும். பற்றாக்குறை வந்தால் கிழ இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே அடி இலைகள் சீராக, நரம்பு உட்பட வெளுத்தால் தழைச்சத்துக் குறை. அடி இலைகளிலேயே நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். இரும்புச்சத்தைச் செடியால் அப்படி நகர்த்த முடியாது. அதனால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். நரம்புகள் மட்டும் வலை பின்னியதுபோலப் பச்சையாகத் தெரியும்.

வளாகங்களில் இரும்புச்சத்துக் குறையின் நிரந்தர நோயாளி இட்லிப்பூ. நான் மேற்பார்வை பார்த்த ஒரு வளாகத்தில் நூறடி நீள இட்லிப்பூ வேலி இருந்தது. நடுவில் இருபதடி மட்டும் எலுமிச்சம்பழ நிறத்தில் நின்றது. யூரியா போட்டார்கள், மண்புழு உரம் போட்டார்கள், மஞ்சள் மாறவில்லை. மாணவி ஒருத்தி அந்த இருபதடியில் மண்ணைக் கிளறி, ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த வினிகரைச் சொட்டினாள். சோடா திறந்ததுபோல நுரைத்தது. பத்தடி தள்ளி எடுத்த மண்ணில் ஒரு குமிழியும் இல்லை. விசாரித்தபோதுதான், சுவர் எழுப்பியவர்கள் மிஞ்சிய சிமெண்ட் கலவையையும் உடைந்த பூச்சையும் அங்கேயே புதைத்துவிட்டுப் போனது தெரிந்தது. சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாது. கரையாததை வேரால் எடுக்க முடியாது.

அவசரத்துக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதனுடன் சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, மாலையில் கொழுந்தில் படும்படி தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும். கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். நேற்றுக் கரைத்து வைத்தது துருப்பிடித்த பழுப்பாக மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்; செடிக்கு அது பயன்படாது. வெள்ளைச் சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை விழும், அப்புறம் அலுவலகத்திலிருந்து ஆள் வரும். ஆனால் தெளிப்பது தற்காலிகம்தான். புதைந்த கழிவைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தில் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய பிறகுதான் அந்த இருபதடி மற்ற எண்பதடியோடு சேர்ந்தது.

இன்னொரு மஞ்சள் உண்டு. தென்னை நார்க்கழிவை அப்படியே வாங்கித் தொட்டியில் நிரப்பினால் வரும் மஞ்சள். மக்காத நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைத்தால் அது 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் வித்து என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. வாங்கும்போது "மக்க வைத்ததா?" என்று கேளுங்கள். கறுத்து, மண்வாசம் வீசினால் மக்கியது. செம்பழுப்பாக, நார் வாசம் அடித்தால் மக்காதது.

நுனியும் ஓரமும் கருகுகின்றன

முதலில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சந்தேகப்படுங்கள், குறிப்பாகக் கடலோர ஊர்களில். தொட்டி விளிம்பிலும் பாத்தி மேலும் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் அது உப்பு. கோடையில் கருகி, மழைக்காலத்தில் புது இலைகள் நன்றாக வந்தால் சந்தேகமே வேண்டாம். மழைநீர் உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிடுகிறது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இங்கே தவறு. உப்பு மேல்மண்ணிலேயே சேரும். வடிகால் இருக்கும் இடத்தில் இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி பாய்ச்சுங்கள். அப்படியும் தாங்காத செடிகளை விட்டு, அரளி, காகிதப்பூ, பூவரசு, புங்கன் பக்கம் போவது புத்திசாலித்தனம்.

கருகலோடு கொழுந்து ஊசிபோல ஒடுங்கி, கொத்தாக முறுக்கிக்கொண்டு வந்தால் களைக்கொல்லி. காற்றில் பறந்து வந்திருக்கலாம். பெரும்பாலும் காரணம் அதைவிட எளியது: கிளைபோசேட்டோ 2,4-டியோ அடித்த அதே கைத்தெளிப்பானில், கழுவாமல் வேப்பெண்ணெய் கலந்து அடித்திருப்பார்கள். களைக்கொல்லிக்கு என்று ஒரு தெளிப்பானை ஒதுக்கிச் சிவப்புப் பெயிண்டால் அடையாளம் போட்டு வையுங்கள். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2022-இல் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலை முழுதும் மணல் தூவியதுபோல வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செம்பேன். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடக்கத் தொடங்கினால் நோய்க்குறி உறுதி. வறண்ட வெயில்தான் அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மீதிக்கு நனையும் கந்தகம் (நீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய்த் தெளிப்பும் கந்தகமும் அடுத்தடுத்த நாளில் கூடாது, இலை வெந்துவிடும்.

வெள்ளைப் பஞ்சு, கறுப்புப் பூச்சு, எறும்பு வரிசை

இவை மூன்றும் ஒரே கதையின் மூன்று காட்சிகள். மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பு நீரை வெளியே விடுகிறது. அந்த இனிப்பு கீழ் இலையில் விழுந்தால் கறுப்புப் பூசணம் படர்கிறது. எறும்பு அந்த இனிப்புக்காக மாவுப்பூச்சியை மேய்ப்பனைப்போலக் காவல் காத்து, ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குத் தூக்கிக்கொண்டும் போகிறது. கறுப்பைக் கண்டு பூசணக்கொல்லி அடிப்பவர்கள் பணத்தை வீணடிக்கிறார்கள். கறுத்த இலைக்கு நேர் மேலே இருக்கும் இலையைத் திருப்பிப் பாருங்கள். எதிரி அங்கே இருக்கிறது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றால் அப்பிய நுனிகளை வெட்டிப் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வையுங்கள். வெட்டியதைப் பக்கத்துப் பாத்தியில் எறிந்தால் வேலை இரட்டிப்பு. மிச்சத்தை நீரால் பீய்ச்சிவிட்டு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். மெழுகுப் பஞ்சின் மேல் சோப்பு இல்லாமல் எதுவும் ஒட்டாது. எறும்புப் புற்றைக் கண்டுபிடித்துக் கலைப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

கடும் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்த நான் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியது. விவசாயிகள் அடிக்காத மருந்தில்லை. கடைசியில் அதை அடக்கியது, 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட அசரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி. கண்டபடி மருந்தடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: ஊதிப்போய்ப் பழுப்பாகி, முதுகில் வட்டத் துளையோடு இருக்கும் மாவுப்பூச்சிக்குள்ளிருந்து குளவி வெளியேறியிருக்கிறது. அத்தகைய கூடுகள் நிறைய இருந்தால் தெளிப்பானைக் கீழே வைத்துவிடுங்கள்.

தென்னையின் கீழ் நிற்கும் செடிகள் எல்லாம் கறுத்தால் மட்டைகளை அண்ணாந்து பாருங்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயாக இருக்கும். இலையின் அடியில் சுருள் சுருளாக முட்டை வைத்திருக்கும். மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள். கறுப்பை உரிக்க, மைதா மாவு லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கஞ்சியாகக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால், வெயிலில் காய்ந்து பொருக்காகக் கறுப்போடு சேர்ந்து உதிரும்.

செழிப்பாக இருக்கிறது, பூக்கவில்லை

காகிதப்பூ என்றால் குறை உங்கள் அன்பில்தான். தினம் தண்ணீர், மாதம் ஒருமுறை யூரியா என்று ஊட்டினால் அது இலையும் முள்ளுமாக வளர்ந்துகொண்டே போகும். முழு வெயில் படும் இடம் வேண்டும். தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும்வரை விட்டுப் பாய்ச்சுங்கள். நிறமாகத் தெரிவது பூவல்ல, பூவடிச் செதில். உள்ளே இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. ஒரு சுற்று முடிந்ததும் நுனிகளைக் கவாத்து செய்தால் அடுத்த சுற்று வரும்.

ரோஜாவில் வேறு விதமான புகார் வரும்: "வாங்கியபோது ஒரு நிறம், இப்போது வேறு பூ." யாரும் மாற்றவில்லை. ஒட்டுக்கு அடியிலிருந்து வேர்ச்செடியின், அதாவது நல்ல ரகத்தை ஒட்டுவதற்கு வேர் கொடுத்த செடியின், துளிர் கிளம்பி, மேலே ஒட்டிய நல்ல ரகத்தை அமுக்கிவிட்டது. தூர் மண்ணை விலக்கி, ஒட்டு முடிச்சுக்குக் கீழே கிளம்பும் துளிரைப் பிறந்த இடத்தோடு பிய்த்து எடுங்கள். கத்தரித்தால் இரண்டாகத் துளிர்க்கும்.

புல்தரையில் திட்டுத்திட்டாகக் காய்கிறது

மரத்தடியில் மட்டும் காய்ந்தால் நிழல். அருகம்புல்லும் கொரியன் புல்லும் வெயில் பிள்ளைகள்; தூங்குமூஞ்சி மரத்தடியில் வருடா வருடம் புல் பதிப்பது பணத்தைப் புதைப்பது. கோடுபோலக் காய்ந்தால் அது மாணவர்கள் கேண்டீனுக்குப் போகும் குறுக்கு வழி. "புல்லை மிதிக்காதே" என்ற பலகையை நான் நம்புவதில்லை. அந்தக் கோட்டிலேயே கல் பாவிவிடுங்கள்.

வெட்டிய மறுநாள் முழுப் பரப்பும் வெளுத்தால் இயந்திரத்தைப் பாருங்கள். ஒரு புல்லைப் பிடுங்கி நுனியைப் பாருங்கள். பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது. நேராக வெட்டுப்பட்டிருந்தும் வெளுத்தால் ஒரேயடியாக ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

காய்ந்த திட்டைக் கையால் இழுத்தால் பாய்போலச் சுருண்டு வருகிறதா? அடியில் ஆங்கில சி எழுத்துபோல வளைந்த வெள்ளைப் புழுக்கள் வேரைத் தின்றிருக்கும். திட்டை உரித்துப் பொறுக்கிவிட்டு மண்ணைக் கிளறிவிட்டால் மைனாவும் கொக்கும் மிச்சத்தைக் கவனித்துக்கொள்ளும்.

புல்லை மீறி வேகமாக நிமிரும் களையின் தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள். முக்கோணமாகத் தட்டுப்பட்டால் கோரை. இழுத்தால் இலை கையோடு வரும்; கிழங்கு மண்ணில் சிரித்துக்கொண்டிருக்கும். மண்ணை நனைத்து, களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டிக் கிழங்குச் சங்கிலியோடு எடுக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மரம் மெல்ல மெல்ல உச்சியிலிருந்து காய்கிறது

உச்சியை விட்டுவிட்டுத் தூருக்கு வாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல் தூர்ப்பட்டையைச் சுற்றிலும் உரித்திருக்கிறதா? இலை சமைத்த உணவு கீழே இறங்குவது பட்டை வழியாகத்தான். வளையமாகப் பட்டை போனால் வேர் பட்டினி கிடக்கும். மரக்கூண்டின் கம்பியோ, நட்டபோது கட்டிய கயிறோ தண்டுக்குள் புதைந்திருக்கிறதா? தூரை ஒட்டிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அதே ஒரு மீட்டரை உங்கள் வளாகத்திலும் கேளுங்கள்.

ஒருமுறை, நட்டு மூன்றாண்டு ஆன வேம்பு ஒன்று பெரிய காற்று எதுவும் இல்லாத நாளில் சாய்ந்தது. தூக்கிப் பார்த்தபோது வேர்கள் உருளை வடிவில் சுருண்டு, ஒரு பானைக்குள் வார்த்ததுபோல இருந்தன. சுற்றிலும் கறுப்புப் பாலித்தீன் பை. நட்டவர்கள் பையின் அடியை மட்டும் கிழித்திருந்தார்கள். பையை முழுதாக உரித்து, சுருண்ட வேர்களைக் கத்தியால் நெடுக நான்கு கீறல் போட்டு நட வேண்டும். உங்கள் வளாகத்தில் சென்ற ஆண்டு நட்ட கன்றுகளின் தூரை இன்றே கையால் கிளறிப் பாருங்கள். பை தட்டுப்பட்டால் இப்போதும் கிழித்து எடுக்கலாம்.

கிளையை வெட்ட நேர்ந்தால், அது தண்டோடு சேரும் இடத்தில் உள்ள வீங்கிய வளையத்தை விட்டு வெட்டுங்கள். காயம் மூடுவது அந்த வளையத்திலிருந்துதான். முதல் வெட்டு ஒரு அடி தள்ளிக் கீழிருந்து, அடுத்தது அதற்குச் சற்று வெளியே மேலிருந்து, கிளை விழுந்தபின் மிச்சக் கட்டையை வளையத்தருகே. ஒரே வெட்டாக மேலிருந்து போட்டால் பட்டை நார்நாராகத் தண்டோடு கிழியும்.

தென்னையின் குருத்து சாய்கிறது

விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோணச் சேதம் இருந்தால் காண்டாமிருக வண்டு. அதன் புழு எங்கே வளர்கிறது தெரியுமா? நம் எருக்குழியில். குழியைக் கிளறி, விரல் தடிப்புப் புழுக்களைப் பொறுக்குங்கள். அந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூசணத்தை எருவில் கலக்கலாம். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து, சிறு பானைகளில் ஊற்றி மரத்தடியில் வைத்தால் வண்டுகள் வந்து விழும்.

தண்டில் துளை, அதிலிருந்து பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார் என்றால் சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காதை வைத்தால் உள்ளே கொறிக்கும் சத்தம் சில நேரம் கேட்கும். காண்டாமிருக வண்டு போட்ட காயமும் நாம் போட்ட காயமும் அதற்கு வாசல். ஆண்டு விழாவுக்கு முன் அழகுக்காகப் பச்சை மட்டைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டும் வழக்கம் பல வளாகங்களில் இருக்கிறது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், துளை விழுந்த மரத்தடிக்கு அழைத்துப்போய் அந்தச் சாற்றைக் காட்டுங்கள்.